சிவப்புப் பெட்டி எது?

கோட்டூர்புரத்தில் மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த வாரமே தாரணி சொல்லிவிட்டாள், சின்ன அறை நிமலனுக்கு என்று. அவனுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பழைய வீட்டில் அவனுடைய பொம்மைகள் சோபாவுக்கு அடியிலும் துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலும் கிடக்கும். ஒருமுறை அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு ரயில் எஞ்சின் வந்தது. தாரணி நந்தனத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வேண்டும் அவளுக்கு.

அறைக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க நிமலனையும் பெயிண்ட் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரர் கொடுத்த நிற அட்டையை அவன் மடியில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"அம்மா, இது ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை போட்டிருக்காங்க?"

அவன் விரல் வைத்த கட்டங்களில் ஒன்று வெளிர்ப்பச்சை, மற்றது சந்தனம். தாரணி சிரித்துவிட்டாள். கடைசியில் அவன் மஞ்சளைக் காட்டினான். மஞ்சளே அடித்தார்கள்.

அலமாரிப் பலகை போட வந்தவர் கரீம் பாய். அப்துல் கரீம் என்பது முழுப்பெயர். ஈக்காட்டுத்தாங்கலில் தச்சுப் பட்டறை வைத்திருந்தார். தாரணியின் கணவன் ராகேஷின் ஆபீஸ் அதே தெருவில்தான். அவன்தான் பிடித்துக்கொண்டு வந்தான். கரீம் பாய் உள்ளே நுழைந்ததும் அளவு எடுக்கவில்லை. முதலில் சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நிமலனும் அவர் பக்கத்தில் போய்த் தட்டினான்.

"செங்கல் செவுரும்மா, நல்லா கீது. மேல மட்டும் கான்கிரீட் பீம் போவுது. அதுல ட்ரில் வெச்சா ட்ரில் முனைதான் காலி. எந்த உயரத்துல வேணும்?"

"அவனுக்குக் கை எட்டணும் பாய். அவனே எடுக்கணும், அவனே வைக்கணும்."

"எட்டுனா ஏறுவான்."

"ஏறுவான்தான்."

"அப்ப நாலு இஞ்ச் ஸ்க்ரூ இறக்கிடறேன். நீங்க ஏறி நின்னாலும் அசையாது."

ஐந்து பலகைகள். கீழே இரண்டு அகலமாக, மேலே இரண்டு குறுகலாக. ஜன்னலோரம் ஒன்று, புத்தகங்களை அட்டை தெரியும்படி சாய்த்து வைக்க, முன்னால் ஒரு கம்பித் தடுப்போடு. முனைகளையெல்லாம் கரீம் பாய் உப்புத்தாளால் தேய்த்து உருட்டிவிட்டார். கீழ்ப்பலகைகளில் வைக்கத் தாரணி ஆறு துணிப்பெட்டிகள் வாங்கினாள். சிவப்பு கார்களுக்கு. பச்சை அடுக்குக் கட்டைகளுக்கு. பழுப்பு மிருகங்களுக்கு. நீலம் ரயில் தண்டவாளங்களுக்கு, ஊதா கிரேயான், கத்தரி, பசைக்கு, மஞ்சள் பந்துகளுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்து வைத்தார்கள். மதியம் அந்த அறையைப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ராகேஷ் நாலு போட்டோ எடுத்தான்.

இரண்டு வாரம் ஒரு சிக்கலும் இல்லை. நிமலன் ஒரு பெட்டியை எடுப்பான், விளையாடுவான், எடுத்த இடத்தில் வைப்பான். தாரணி கல்லூரியில் சக ஆசிரியைகளிடம் பெருமையாகச் சொன்னாள்.

பிறகு அவனுக்கு ஊர் கட்டும் ஆசை வந்தது. ஊருக்குக் கார் வேண்டும், கட்டிடம் வேண்டும், ரயில் வேண்டும், ரோட்டில் மாடு வேண்டும். ஆறு பெட்டிகளையும் இறக்கிக் கவிழ்த்தான். சாயங்காலம் எடுத்து வைக்கும்போது மாடும் யானையும் சிவப்புப் பெட்டிக்குள் போயின. கார்கள் பச்சைக்குள். தாரணி ஒன்றும் சொல்லாமல் மாற்றி வைத்தாள். மறுநாள் கார்கள் பழுப்பில் இருந்தன. அதற்கு மறுநாள் கிரேயான் நீலத்தில்.

"வேணும்னே பண்றான்," என்றான் ராகேஷ். "நீ தினமும் மாத்தி வெக்கிறதப் பாத்துட்டு அவனுக்கு இது விளையாட்டாப் போச்சு."

"அப்படித் தெரியலையே."

"பின்ன? சிவப்பு தெரியாதா அவனுக்கு? போன வருஷமே எல்லா நிறமும் ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாச்சு."

வியாழக்கிழமை அது பெரிதாகிவிட்டது. ராகேஷ் ஆபீஸிலிருந்து களைத்து வந்திருந்தான். பச்சைப் பெட்டியைத் தூக்கி நிமலன் முன்னால் நீட்டினான். "இது என்ன நிறம்? சொல்லு. இது கார் வெக்கிற பெட்டியா?" குரல் உயர்ந்துவிட்டது. நிமலன் பெட்டியைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவின் முகத்தை.

"நான் சரியாத்தான் வெச்சேன்," என்று அழுதான். "நிஜமா சரியாத்தான் வெச்சேன்!"

அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த தாரணிக்கு அந்தப் பார்வை மனதில் நின்றுவிட்டது. கேட்டது நிறத்தை. விடையைத் தேடியதோ முகத்தில். பொய் சொல்லும் பிள்ளை அப்படிப் பார்ப்பதில்லை. பதில் தெரியாத மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் அவளை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மறுநாளிலிருந்து அவள் பொம்மைகளை மாற்றி வைக்கவில்லை, திட்டவுமில்லை. அவன் எடுத்து வைத்து முடித்ததும் ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டாள். எந்தப் பொருள், எந்தப் பெட்டி. ஆறு நாள். ஏழாம் நாள் காலை காப்பி ஆறுவது தெரியாமல் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்துகள் ஒருநாளும் மஞ்சளை விட்டு வெளியே போகவில்லை. சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் தங்களுக்குள் மட்டும் மாறிக்கொண்டன. நீலமும் ஊதாவும் தங்களுக்குள் மட்டும். சிவப்புக்குரியது ஒருமுறைகூட நீலத்துக்குப் போனதில்லை. குறும்புக்காக வைப்பவன் கையில் கிடைத்ததில் போடுவான். இப்படி வேலி கட்டி அதற்குள்ளேயே தவறு செய்யமாட்டான். பெட்டிகள் தங்கள் இடத்தில் இருந்தவரை ஏன் தவறே வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவன் நிறத்தைப் பார்த்து வைக்கவே இல்லை. இடத்தைப் பார்த்து வைத்திருக்கிறான்.

"நிம்மு, இங்க வா," என்று கூப்பிட்டாள். கிரேயான் டப்பாவைத் திறந்து வைத்தாள். "சிவப்பு எடு."

டக்கென்று எடுத்தான். சரி. "பச்சை?" சரி. "பழுப்பு?" அதுவும் சரி. தாரணிக்குக் குழப்பமாகிவிட்டது. பிறகு எல்லாக் கிரேயானையும் பாயில் கொட்டினாள், அவற்றைச் சுற்றியிருந்த காகிதத்தை உரித்தாள், கலைத்தாள்.

"இப்ப சிவப்பு எடு."

அவன் கை நின்றுவிட்டது. "டப்பால மூணாவதுதாம்மா சிவப்பு. நீங்க கலைச்சிட்டீங்களே."

"கலைச்சா என்ன? பாத்து எடு."

வெகுநேரம் பார்த்தான். பழுப்பை எடுத்தான். உடனே அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். தாரணி முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டாள்.

"அம்மா," என்றான் மெல்ல, "மத்தவங்களுக்கெல்லாம் கலைச்சதுக்கப்புறம் எப்படித் தெரியுது?"

அவன் அழவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். அவ்வளவு நாளாக அவனுக்குள் இருந்த கேள்வி போலிருக்கிறது. எல்லாரும் ஒரு வித்தை கற்றுவைத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அடையாறில் கண் டாக்டர் காமாக்ஷி ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்தார். பக்கமெல்லாம் வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒரு பாதையை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னார். முதல் பக்கத்தில் நிமலன் சுலபமாக விரலை ஓட்டினான். அடுத்த பக்கத்தில், "இதுல ரோடு இல்லையே," என்றான். தாரணிக்கும் ராகேஷுக்கும் அந்தப் பக்கத்தில் பாதை பளிச்சென்று தெரிந்தது. ராகேஷ் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"சிவப்பு, பச்சை பிரிச்சுப் பாக்கிறதுல குறை," என்றார் டாக்டர். "பார்வை நன்னா இருக்கு. இது வளராது, குறையவும் குறையாது. மருந்து கிடையாது, தேவையும் இல்லை. நூறு ஆம்பளைப் பசங்கள்ல மூணு நாலு பேருக்கு இருக்கும். ஸ்கூல்ல சொல்லி வையுங்கோ. பெரியவனானா சில வேலைக்கு மட்டும் எடுத்துக்க மாட்டா."

"எப்படி வந்துது டாக்டர்?" ராகேஷ் கேட்டான்.

"பையனுக்கு இது அம்மா வழியாத்தான் வரும். அம்மாவுக்குத் தெரியாமலே அவகிட்ட இருக்கும்." தாரணியைப் பார்த்தார். "உங்கப்பாவுக்கு உண்டா?"

தாரணி சிரித்தேவிட்டாள். "எங்கப்பா தி.நகர்ல முப்பத்தஞ்சு வருஷமா பட்டுப்புடவைக் கடை வெச்சிருக்கார் டாக்டர்."

"அப்படின்னா உங்கம்மா பக்கமா இருக்கலாம்," என்று டாக்டர் அடுத்த சீட்டை எழுதத் தொடங்கிவிட்டார்.

வீடு திரும்பும்போது ராகேஷ் வண்டியை அடையாறு சிக்னலில் நிறுத்தியிருந்தான். சிவப்பு விளக்கு. "நிம்மு, இப்ப எந்த லைட்டு எரியுது?" என்றான்.

"மேல இருக்கறது."

ராகேஷ் கையைப் பின்னால் நீட்டி அவன் காலைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு அப்பா கத்துனது தப்புடா."

"பரவால்லப்பா," என்றான் நிமலன்.

தாரணி இருவரையும் கவனிக்கவில்லை. அவள் நினைவு தி.நகரில் இருந்தது. அப்பாவின் கடையில் ஒவ்வொரு அலமாரித் தட்டுக்கும் அவர் கையெழுத்திலேயே சீட்டு ஒட்டியிருக்கும். அரக்கு. கிளிப்பச்சை. மாம்பழம். மயில்கழுத்து. யாரும் ஓர் அடுக்கைக்கூட இடம் மாற்றிவிடக் கூடாது. சின்ன வயதில் ஒருமுறை அவள் விளையாட்டாக இரண்டு தட்டுகளின் புடவைகளை மாற்றி வைத்துவிட்டாள். அதட்டிக்கூடப் பேசாத அப்பா அன்று ஓங்கி அறைந்துவிட்டார். அறைந்துவிட்டு அவரே அழுதார். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்குப் போனாள். முகூர்த்த மாதம். கடை நிறைந்திருந்தது. அப்பா வெள்ளைச்சாமி வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக மெத்தை விரித்த மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுந்தரவல்லி. இருபத்தெட்டு வருடமாகக் கடையில் இருப்பவர். வாடிக்கையாளர்களுக்குப் புடவை விரித்துக் காட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"என்ன தாயி, காலேஜ் இல்லையா?"

"லீவுப்பா. சும்மா வந்தேன்."

அவள் ஒரு ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பிறந்ததிலிருந்து பார்த்த கடை. அன்று முதல்முறையாக உற்றுப் பார்த்தாள். அப்பா அலமாரியிலிருந்து எடுக்கும்போது கை தயங்கவே இல்லை. புடவையைத் தொட்டதும் எத்தனை இழை, எந்த ஊர் நெசவு, ஜரிகை எவ்வளவு என்று மளமளவென்று சொன்னார். ஆனால் மேடையில் விரித்துக் குவிந்த புடவைகளை அவர் தொடவே இல்லை. அதையெல்லாம் சுந்தரவல்லிதான் எடுத்தார். எடுக்கும்போதெல்லாம் பாட்டுப் போல நிறத்தைச் சொன்னார். "இது அரக்கும்மா, பச்சை பார்டர். இது பாக்குக் கலரு..." வாங்க வந்தவர்களுக்குக் கண் இருக்கிறது. அவர்களுக்கு எதற்கு நிறத்தைச் சொல்ல வேண்டும்?

கூட்டம் கொஞ்சம் குறைந்தது. மேடையில் ஏழெட்டுப் புடவைகள் கலைந்து கிடந்தன. தாரணி எழுந்து வந்தாள். தான் செய்யப்போவது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"அப்பா, அந்த அரக்குப் புடவையை எடுங்களேன், பாக்கலாம்."

அப்பாவின் கை குவியலுக்கு மேலே நீண்டது. அங்கேயே நின்றது. அந்த நொடியில் சுந்தரவல்லியின் விரல், ஏதோ மடிப்பைச் சரிசெய்வது போல, ஒரு புடவையின் முனையைத் தொட்டு விலகியது. அப்பா அதை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அரக்குதான். பக்கத்தில் அதே கருமையோடு கரும்பச்சை ஒன்று கிடந்தது.

தாரணி சுந்தரவல்லியைப் பார்த்தாள். சுந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பா, மாடிக்கு வாங்க. ஒரு நிமிஷம்."

மாடியில் சரக்கு வைக்கும் அறை. துணி வாடை. தாரணி நிமலனின் பெட்டிகளைப் பற்றிச் சொன்னாள், புள்ளிப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள், டாக்டர் கேட்டதைச் சொன்னாள். வெள்ளைச்சாமி ஒரு பேல் மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எப்பலேர்ந்துப்பா தெரியும்?"

"பன்னெண்டு வயசு. அருப்புக்கோட்டையில சாயப்பட்டறையிலேருந்து நூல் எடுத்துட்டு வரச் சொன்னாக. பச்சை நூல எடுத்துட்டுப் போனேன். கேட்டது சிவப்பு. கண்ணு நொள்ளையான்னு எல்லாரும் சிரிச்சாக. அன்னிக்குப் புரிஞ்சுது, எனக்கு ஏதோ இல்லைன்னு. யார்கிட்டயும் சொல்லல."

"அப்புறம் ஏம்ப்பா புடவைக் கடை?"

"தெரிஞ்ச தொழில் துணிதான தாயி. நூலு கைக்கு நல்லாப் பேசும். நெறம் ஒண்ணுதான். அதுக்கு அடுக்கு போட்டேன், சீட்டு ஒட்டுனேன். வல்லி வேலைக்கு வந்த மூணாம் மாசம் கண்டுபிடிச்சிருச்சு. ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த நாள்லேர்ந்து நெறத்தச் சத்தமாச் சொல்ல ஆரம்பிச்சது. நானும் ஏன்னு கேக்கல."

"அம்மாவுக்கு?"

"சொன்னதில்ல. ஆனா கல்யாணமான வருசத்துலேர்ந்து எனக்கு வெள்ளைச் சட்டை மட்டும்தான் எடுப்பா." அவளைப் பார்த்தார். "அப்ப அந்தப் பிள்ளைக்கு என்கிட்டேருந்தா போச்சு?"

"என் வழியாத்தாம்ப்பா போச்சு."

"உன்ன அன்னிக்கு அடிச்சேனே," என்றார். தாரணி அவர் பக்கத்தில் பேல் மேல் உட்கார்ந்தாள். தான் கீழே செய்த சோதனைக்கு மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து கீழே போனார். ஒரு கல்யாண வீட்டார் காத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கரீம் பாய் வந்திருந்தார். புத்தகப் பலகையின் கம்பித் தடுப்பு ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும். அவர் ஸ்டூலில் ஏறியபோது அழைப்பு மணி அடித்தது. வெள்ளைச்சாமி. கடை திறந்திருக்கும் நாளில் அவர் எங்கும் போனதே கிடையாது.

நேராக நிமலனின் அறைக்குப் போனார். செருப்பைக் கழற்றியவர் தோளிலிருந்து துண்டை இறக்க மறந்துவிட்டார். அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஆறு பெட்டிகளையும் பார்த்தார். நிமலன் ஊர் கட்டுவதை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தாத்தா, சிவப்புப் பெட்டி எது?"

தாரணி வாசலில் நின்றிருந்தாள். அப்பா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளைச்சாமி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "தெரியல கண்ணு," என்றார்.

நிமலன் வாயைப் பிளந்தான். "உங்களுக்குமா?"

"எனக்குந்தான்."

"இதும் இதும்?" இரண்டு பெட்டிகளை இழுத்து முன்னால் வைத்தான்.

"ஒண்ணாத்தான் இருக்கு."

"இதும் இதும்?"

"ம்... இது கொஞ்சம் வெளுப்பா இருக்கோ?"

"ஆமா தாத்தா! எனக்கும் அப்படித்தான்! அம்மா, தாத்தாவுக்கும் அப்படித்தான்!" நிமலன் எழுந்து குதித்தான். ஓடிப்போய் கிரேயான், அடுக்குக் கட்டைகள், பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் மூடி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கேட்டான். தாத்தா ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். சில இடங்களில் இருவருக்கும் ஒத்துப்போனது. ஓரிடத்தில் ஒத்துப்போகவில்லை. அது நிமலனுக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தது. தாத்தாவை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போய் மறுபடி கேட்டான்.

ஸ்டூல் மேலிருந்து கரீம் பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ராகேஷிடம் கேட்டார். "இன்னா நைனா இது? பெரியவருக்கு நிஜமாவே சிவப்பு தெரியாதா, பையனுக்கு வெளயாட்டு காட்டறாரா?"

வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நெசமாத்தான் பாய். சின்ன வயசுலேருந்து தெரியாது."

"இன்னா வேலை செய்யறீங்க?"

"பட்டுப்புடவைக் கடை."

கரீம் பாய் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார். "யா அல்லா! எப்டிங்க வித்தீங்க? சொல்லுங்க, சொல்லுங்க."

வெள்ளைச்சாமி சொல்லத் தொடங்கினார். சீட்டு, அடுக்கு, வல்லி அம்மா, பகல் வெளிச்சத்தில் பார்க்கணும் என்று யாராவது புடவையை வாசலுக்கு எடுத்துப்போனால் பின்னாலேயே வல்லி அம்மாவை அனுப்பியது. முதலில் மெதுவாகத்தான் பேசினார். போகப்போகக் குரல் நிமிர்ந்தது. ஒருமுறை மாப்பிள்ளை வீட்டாருக்குத் தவறான புடவையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, "இந்த வருசம் இதுதான் எல்லாரும் எடுக்காக" என்று சமாளித்த கதையை அவர் சொன்னபோது ராகேஷ் சுவரில் சாய்ந்து சிரித்தான். தாரணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அவள் அப்பா இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

நிமலன் கதையைப் பாதிதான் கேட்டான். வெள்ளைத் தாளை ஆறாகக் கிழித்துக்கொண்டிருந்தான். ஒன்றில் கார் வரைந்தான். இன்னொன்றில் மாடு. அதன் கொம்பு சரியாக வரவில்லை என்று மறுபடி வரைந்தான்.

"என்னடா பண்ற?" என்றாள் தாரணி.

"பெட்டில ஒட்டப் போறேன்மா. அப்ப கலைச்சாலும் தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சேன். கத்தரிக்கு மட்டும் எப்படி வரையறதுன்னு தெரியல."

கரீம் பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கத்தரி வரைந்துகொடுத்தார். ராகேஷ் பசை தேடினான். ஊதாப் பெட்டியில் இல்லை, நீலத்தில் இருந்தது. ஆறு பெட்டிகளிலும் ஒட்டி முடித்தபோது மாடு மட்டும் கோணலாக இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்றான் நிமலன்.

கிளம்பும்போது வெள்ளைச்சாமி வாசலில் நின்று தாரணியிடம் சொன்னார். "வல்லிகிட்ட இன்னிக்குப் பேசணும் தாயி. இருபத்தெட்டு வருசம் ஆச்சு. ஒரு தடவையாவது வாயத் தொறந்து சொல்லணும்ல."

லிஃப்ட் வரக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனார்.